பதினெட்டைத் தொடாதே

என் வீட்டுக்காரருக்கு ஊரெல்லாம் ஒரே பெயர்தான்: பதினெட்டு. அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. டீக்கடைக்காரர் "என்ன பதினெட்டு, இன்னிக்கு லீவா?" என்று கேட்பார். என் நாத்தனார், அவருடைய கூடப்பிறந்த தங்கை, அவளே கோபம் வந்தால் "உங்க பதினெட்டுகிட்ட சொல்லி வைங்க அண்ணி" என்பாள். நான் மட்டும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. எனக்கு 'ஏங்க' போதும். அதை எந்தக் குரலில் சொல்கிறேன் என்பதை வைத்தே அவருக்கு மீதி விளங்கிவிடும்.

பெயர் வந்த கதை ரகசியம் ஒன்றும் இல்லை. அவர் அரசாங்க டேட்டா சென்டரில் ஏசி ஆபரேட்டர். மாவட்டத்தில் யார் பிறந்தார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள், யாருக்கு யாருடன் கல்யாணம் பதிவானது, எந்த மனை யார் பேரில் இருக்கிறது, எல்லாமே அந்தக் கட்டடத்துக்குள் ஒரு பெரிய அறையில் ஆளுயர இரும்பு ரேக்குகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிற கம்ப்யூட்டர்கள் சும்மா இருக்குமா, கொதிக்கும். அவற்றைக் குளிர வைப்பதுதான் இவர் உத்தியோகம். அறையின் வெப்பநிலை பதினெட்டு டிகிரி. சுவரில் ஏசியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மேலே இவர் கையெழுத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கும்: '18. தொடாதே.' அதைத் தொட்டவன் யாராக இருந்தாலும் அன்றைக்கு அவன் கதை கந்தல்.

ஒருமுறை புதிதாக வந்த ஒரு பெண் அதிகாரி விரல் விறைக்கிறது என்று இருபதாக மாற்றிவிட்டாராம். இவர் ஒரு வார்த்தையும் பேசாமல் போய் மறுபடி பதினெட்டு வைத்துவிட்டு, தன் ஸ்வெட்டரைக் கழற்றி அந்த அம்மாவின் நாற்காலியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் தும்மல். கஷாயம் வைத்துக் கொடுத்தவள் நான்.

அந்த ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கொளுத்துகிற வெயிலில், தெருவே ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கும்போது, இவர் ஒருத்தர் மட்டும் கையில் ஸ்வெட்டர், பையில் குரங்குக் குல்லா, காலில் இரட்டைச் சாக்ஸ் என்று வேலைக்குக் கிளம்புவார். வேடிக்கை பார்க்காத ஆள் கிடையாது. "பனி மலைக்கா போறீங்க?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்காத வாரம் கிடையாது. முழங்கை கிழிந்து கிழிந்து நான் ஒட்டுப் போட்டதில், அதில் இப்போது ஸ்வெட்டரைவிட ஒட்டுதான் அதிகம்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சென்டர் திறந்த முதல் கோடையில், ஒரு பட்டப்பகலில், ஏசி இரண்டு பழுதாகி, அறை வெந்து, கம்ப்யூட்டர்கள் தாமாகவே அணைந்துவிட்டன. இரண்டு நாள் மாவட்டமே ஸ்தம்பித்தது. கல்யாணத்தைப் பதிவு செய்யப் புது உடுப்பில் வந்த ஒரு ஜோடி, பதிவு அலுவலகப் படியிலேயே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்ததாம். இவர் மேலதிகாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைக்கூட மறந்துவிட்டார். அந்தப் பெண் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு அழுததை மறக்கவில்லை. அந்த வருஷம்தான் ஒட்டினார் அந்த அட்டையை. பத்தொன்பது வருஷமாக ஒரு நாள், ஒரு மணி நேரம்கூட, அந்த அறை அணைந்ததில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. எனக்கும்தான்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு ஒரு தையல் கடை. நாலு மெஷின். ஒன்றில் நான், ஒன்றில் நாத்தனார், மற்ற இரண்டில் இரண்டு பெண்கள். ஜன்னல் திரை, சோபா உறை, பள்ளிச் சீருடை, கேட்டால் கூடாரம்கூடத் தைப்போம். பதினான்கு வருஷம் ஊசியால் குத்திக் குத்திக் கட்டிய கடை அது.

போன வருஷம் கோடை தொடங்கும்போது ஒரு கடிதம் வந்தது. அரசாங்க டேட்டா சென்டர்கள் எல்லாவற்றுக்கும் மின்சாரச் சிக்கனத் தரம் என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்களாம். அதைத் தொடர்ந்து தணிக்கைக்கு ஒரு அம்மா வந்தார். சின்ன உருவம், பெரிய பை, பை நிறைய மீட்டர்கள். இரண்டு நாள் அறையறையாக வயரை மாட்டி, ரேக் ரேக்காக அளந்துவிட்டு இவரிடம் சொன்னார்:

"மெஷின் ஒரு பங்கு கரண்ட் எடுத்துக்குதுன்னு வைங்க. ஏசி, லைட்டு எல்லாம் சேர்த்து உங்க கட்டடம் மொத்தமா எவ்வளவு எடுக்குதுன்னு பார்த்தா, ரெண்டு புள்ளி மூணு பங்கு. தரம் என்ன சொல்லுதுன்னா, ஒண்ணு புள்ளி ஆறுக்கு மேல போகக் கூடாது. மூணு மாசம் டைம். அப்புறம் ஒரு முழு நாள் அளப்போம். தேறலன்னா இந்த சென்டரை மூடிட்டு, மெஷினை எல்லாம் தலைமை சென்டருக்கு ஏத்திடுவாங்க."

தலைமை சென்டர் எங்கே இருக்கிறது? ரயிலில் ஒன்பது மணி நேரம். மெஷினோடு ஆட்களையும் ஏற்றுவார்கள். இவருக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம். ஒன்று, இவர் அங்கே தனியாக ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். இல்லை, நான் கடையை மூடிவிட்டு மூட்டை கட்ட வேண்டும்.

இவருக்கோ தரத்தின்மேல்தான் கோபம். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு குதித்தார்.

"இருபத்தஞ்சு வையுங்கறாங்க! இருபத்தேழு வரைக்கும் மெஷின் தாங்குமாம். யாரு தாங்கறது? அந்தம்மா பைக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போகுமா? வெந்து போச்சுன்னா நாளைக்கு என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க."

"ஏங்க, ரெண்டு புள்ளி மூணுன்னா என்ன?" என்றேன்.

விளக்கினார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஒருத்தர் சாப்பிட, இரண்டேகால் பேருக்கு மேல் சமைத்துக் கொட்டுகிற வீடு.

"அப்படிப்பட்ட வீட்டுப் பொம்பளையை நீங்க சும்மா விடுவீங்களா?" என்று கேட்டேன். "ஒரு கரண்டி மிஞ்சினாலே முகத்தைத் தூக்கி வச்சுக்கறீங்களே!"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் தணிக்கை அம்மாள் விட்டுப்போன தாளை நானே எடுத்துப் படித்தேன். செய்யலாம் என்று போட்டிருந்த பட்டியலில் ஐந்தாவது வரி: 'குளிர்ந்த பாதையையும் சூடான பாதையையும் திரை கட்டிப் பிரிக்கலாம்.' திரை! பதினான்கு வருஷமாக என்ன தைத்துக்கொண்டிருக்கிறேன்? நேரே சென்டருக்குப் போய் இயக்குநர் முன்னால் நின்றேன். நல்ல மனிதர்தான். ஆனால் தன் நிழலைப் பார்த்தே நகர்ந்து நிற்கிற ரகம்.

"டெண்டர் விடணும்மா. எட்டு மாசம் ஆகும்," என்றார். "அதுவும் ஊழியரோட சம்சாரத்துக்குக் குடுக்கறதுன்னா, ஐயோ, என்னைத் தொங்க விட்டுடுவாங்க."

"கூலியே வேண்டாம் சார். நன்கொடைன்னு எழுதிக்கோங்க. என் கடை இந்த ஊர்ல இருக்கணும், அவ்வளவுதான். அளவெடுக்க மட்டும் உள்ள விடுங்க."

கழுத்தில் 'பார்வையாளர்' என்று ஒரு அட்டையை மாட்டி உள்ளே விட்டார்கள். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அந்த அறையைப் பார்க்கிறேன். அடேயப்பா, என்ன குளிர், என்ன இரைச்சல்! பல் தந்தியடித்தது. இன்னொன்றும் பார்த்தேன். ரேக்குகளில் கம்ப்யூட்டர் இல்லாத காலி இடங்கள் பல்லுப் போன வாய் மாதிரி திறந்து கிடந்தன; அவற்றில் இவர்கள் குடும்பமே நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் தண்ணீர் பாட்டில்கள், ஒன்றில் யாருடைய பிறந்தநாளுக்கோ வாங்கிய கேக், ஒன்றில் இயக்குநரின் கண் சொட்டு மருந்து.

"இது என்னங்க, அரசாங்கம் நடத்தற ஃபிரிட்ஜா?" என்று கேட்டேன். இவர் காதில் விழாத மாதிரி நடந்தார்.

அறை எப்படி வேலை செய்கிறது என்பதை நடந்துகொண்டே சொன்னார். தரை உண்மையான தரை இல்லை. சதுரச் சதுர டைல்களைக் கால் வைத்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பரப்பியிருக்கிறார்கள். ஏசி குளிர்காற்றை அந்தத் தரைக்கு அடியில் ஊதும். ஓட்டை போட்ட டைல்கள் வழியாக அது மேலே வரும். கம்ப்யூட்டர்கள் முன்பக்கமாகக் குளிர்காற்றை இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகச் சூட்டை ஊதித் தள்ளும்.

முன்பக்கப் பாதையை அளந்து முடித்துவிட்டுப் பின்பக்கம் போனேன். டேப்பைத் தரையில் வைக்கக் குனிந்தேன். தையல்காரி உடுப்பில் நூல் ஒட்டாமல் இருக்குமா? கையிலிருந்த ஒரு சிவப்பு நூல் விடுபட்டு, கீழே விழாமல் ஜிவ்வென்று மேலே பறந்தது. கால் பக்கம் ஜில்லென்று காற்று. முகத்தில் அனல்.

"ஏங்க, இங்க சூடு வெளிய வர்ற இடம்னுதானே சொன்னீங்க? அப்புறம் இங்க எதுக்கு ஓட்டை டைலு?"

"ரொம்பச் சூடா இருக்கும். அதான்."

"சூடு வெளிய போற இடத்துல குளிரைக் கொட்டினா, அது மெஷினுக்கா போகுது? அடுப்படிப் புகைபோக்கிக்குள்ள விசிறி வீசற மாதிரியில்ல இருக்கு!"

வழக்கமாக இந்த மாதிரி நான் மூக்கை நுழைத்தால் 'உனக்கு என்ன தெரியும்' என்று ஒரு பாட்டு வரும். அன்றைக்கு வரவில்லை. அவர் தரையைப் பார்த்தார். பிறகு அந்த வரிசை முழுக்க ஒவ்வொரு ஓட்டை டைலாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். பதினொன்று இருந்தன. முன்பக்கம் வந்து ரேக்குகளின் முன்னால் உள்ளங்கையை மேலிருந்து கீழே நகர்த்தினார். கீழே குளிர், மேலே வெதுவெதுப்பு. குல்லாவைக் கழற்றினார்.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்த டைலைப் போட்டது நான்தான்."

"எப்போ?"

"அறை அணைஞ்ச வருஷம். பின்னாடி போய் நின்னா முகமே வேகும். இங்கதானே சூடு, இங்கதானே குளிர் வேணும்னு முன்னாடி இருந்ததைப் பிடுங்கி அங்க போட்டேன். அப்புறம் முன்னாடி மேல்தட்டு மெஷினுக்குக் குளிர் பத்தல. எறக்கினேன். எறக்கி எறக்கித்தான் பதினெட்டு. நானே ஓட்டையைப் போட்டுட்டு, நானே பத்தொன்பது வருஷம் தண்ணி எறைச்சிருக்கேன்."

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. எத்தனை சளி, எத்தனை கஷாயம், எத்தனை ஒட்டு!

"சரி, அழுது ஆகப்போறது ஒண்ணுமில்ல," என்றேன். "தப்பாத் தைச்சா பிரிச்சுத் தைக்கறதில்லையா? எழுந்திருங்க."

பிரித்துத் தைத்தோம். அந்த வாரமே பதினொரு டைலும் முன்பக்கம் வந்தன. காலி இடங்களை மூட ரேக்குகளோடு வந்த இரும்புத் தகடுகள் ஸ்டோர் ரூமில் பெட்டியைப் பிரிக்காமலே கிடந்தன. பத்தொன்பது வருஷமாக அந்தப் பெட்டியின்மேல் துடைப்பத்தைச் சாய்த்து வைத்திருந்தார்களாம்! கேக்கும் தண்ணீர் பாட்டிலும் வெளியேறின. ஒவ்வொரு ஓட்டையும் மூடப்பட்டது. முணுமுணுத்தவர்களிடம் இவர் எரிந்து விழுந்தார்.

என் பங்கு திரை. கண்ணாடி போலத் தெரிகிற கெட்டி பிளாஸ்டிக். தீப்பிடித்தால் தானாக அணைய வேண்டும் என்பது தரத்தின் விதி. கடைக்குப் பின்னால் முற்றத்தில் நானும் நாத்தனாரும் நாலு விதத் துண்டுகளைக் கொளுத்திப் பார்த்தோம். மூன்று திகுதிகுவென்று எரிந்தன. நாலாவது கருகி, சுருங்கி, அணைந்தது. அதைத்தான் வாங்கினேன். தைக்கும்போது இரண்டு ஊசி முறிந்தது. முன்பக்கக் குளிர்ப் பாதையின் இரண்டு முனையிலும் தொங்குகிற பட்டைகள், மேலே ஒரு கூரை, ஆள் நுழைந்தால் தானாக மூடிக்கொள்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று நாலு விரல் ஏறிய மடிப்பு. இத்தனை வருஷத்தில் இவ்வளவு கவனமாக நான் எதையும் தைத்ததில்லை.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அந்த அட்டை.

டைலை மாற்றியாகிவிட்டது, திரை கட்டியாகிவிட்டது, ஆனால் மனிதருக்குப் பதினெட்டிலிருந்து ஏற்றக் கை வரவில்லை. முதல் நாள் பத்தொன்பது வைத்தார். வைத்துவிட்டு எட்டு மணி நேரமும் ரேக் ரேக்காகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மா மாதிரி இருந்தாராம். இரண்டு நாள் கழித்து இருபது. வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை.

"இருபத்தி ரெண்டு வச்சேன்," என்றார் ஒரு மத்தியானம், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வதுபோல.

"மெஷின் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. அதுபாட்டுக்கு ஓடுது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"திரும்பப் போய் ஒருதடவை தொட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்."

இருபத்தைந்துக்கு வந்தபோது ஆறு ஏசியில் இரண்டை நிறுத்திவிட முடிந்தது. அந்த அமைதியைக் கேட்டு அறையில் எல்லாரும் தலை நிமிர்ந்தார்களாம். இயக்குநர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். அவர் சட்டையின் நிறம் என்ன என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

தணிக்கை நாள் வந்தது. காலை பத்து மணியிலிருந்து மறுநாள் காலை பத்து மணிவரை அளப்பார்கள். திரையின் தீத் தடுப்புச் சான்றில் தைத்தவர் கையெழுத்து வேண்டும் என்று மத்தியானம் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். கோடையின் உச்சம். வெளியே தார் ரோடு செருப்பில் ஒட்டியது. தணிக்கை அம்மாள் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் மீட்டர்களோடு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரியாக மூன்று மணிக்கு அலாரம் அடித்தது.

ஏழாவது ரேக். முன்பக்கக் காற்று இருபத்தொன்பது டிகிரி. மானிட்டரில் சிவப்பாக மின்னியது. அறையில் இருந்த நாலு பேரும் ஓடினார்கள். இயக்குநர் எங்கிருந்தோ பாய்ந்து வந்தார், முகத்தில் ஈயாடவில்லை.

"எறக்குங்க! பதினெட்டுக்கு எறக்குங்க! நின்ன ஏசி ரெண்டையும் போடுங்க!"

போட்டால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். அளவு எகிறிவிடும், தரம் போச்சு, சென்டர் போச்சு, என் கடை போச்சு. போடாமல் மெஷின் அணைந்தால் மாவட்டமே போச்சு. இயக்குநர் கையை நீட்டிக்கொண்டு கட்டுப்பாட்டுப் பெட்டியை நோக்கி வந்தார்.

பெட்டிக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நின்றார். இரண்டு கையையும் விரித்து.

"கை வைக்காதீங்க சார்."

"யோவ், உனக்குப் பைத்தியமா? பதினெட்டு பதினெட்டுன்னு உயிரை எடுத்தவன் நீதானேய்யா!"

"ஆமா சார். நான்தான். இப்பவும் நான்தான் சொல்றேன். ஒரு ரேக்குதான் சுடுது. மத்த பதிமூணும் ஜில்லுனு இருக்கு. அறைக்கு நோய் இல்ல சார், அந்த ஒரு ரேக்குல என்னமோ ஓட்டை. பத்து நிமிஷம் குடுங்க. அதுக்குள்ள எறங்கலன்னா நானே என் கையால பதினெட்டு வைக்கறேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடக்கிக்கொள்ளவில்லை.

அவர் என் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாவது ரேக்கின் முன்னால் மண்டியிட்டு, உள்ளங்கையைக் கீழிருந்து மேலாக நகர்த்தினார். நடுவில் கை நின்றது. அந்த இடத்தில் மூடியிருக்க வேண்டிய தகடு இல்லை. பின்பக்கச் சூடு அந்த ஓட்டை வழியாகப் புகுந்து முன்பக்கம் வந்துகொண்டிருந்தது. உள்ளே கையை விட்டார். ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

இயக்குநரின் கண் சொட்டு மருந்து.

"டாக்டர் குளிர்ல வைக்கச் சொன்னார்யா," என்றார் இயக்குநர், சுரத்தே இல்லாமல்.

"அது இப்ப குளிர் இல்ல சார், இருபத்தொன்பது டிகிரி!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தணிக்கை அம்மாள் சிரிப்பை மறைக்கக் குனிந்து பையில் எதையோ தேடினார்.

யாரோ கழற்றி வைத்திருந்த தகடு மறுபடி அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தது. எல்லாரும் எண்ணைப் பார்த்தோம். இருபத்தொன்பது. இருபத்தொன்பது. இருபத்தெட்டு. இருபத்தாறு. எட்டாவது நிமிஷம் சிவப்பு அணைந்து பச்சை வந்தது. ஒருத்தர் கை தட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். நான் தட்டிய தட்டில் என் வளையல் ஒன்று தெறித்தது.

மறுநாள் காலை பத்து மணி. வராந்தாவில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்தோம். நாத்தனாரும் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டாள். தணிக்கை அம்மாள் தாளைப் பார்த்துப் படித்தார்:

"ஒண்ணு புள்ளி அஞ்சு ஏழு. தேறிட்டீங்க."

அங்கே எழுந்த சத்தத்தில் காவலாளி பயந்து ஓடி வந்தார். நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இயக்குநர் ஒவ்வொருத்தர் கையாகப் பிடித்துக் குலுக்கி, என் கையையும் குலுக்கினார். என் கடை, என் நாலு மெஷின், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அதே இடத்தில்! போதும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது.

அம்மாள் பேனாவை எடுத்தார். "ரெண்டு புள்ளி மூணுலருந்து புது மெஷின் எதுவும் வாங்காம இவ்வளவு எறக்கியிருக்கீங்க. காரணம் எழுதணும். ஓட்டை டைலைப் பின்பக்கம் தப்பாப் போட்டது யாரு?"

"பழைய கான்ட்ராக்டர் மேடம்," என்றார் இயக்குநர் முந்திக்கொண்டு. என் வீட்டுக்காரரைக் காப்பாற்றத்தான் சொன்னார். அந்த நன்றி எனக்கு உண்டு.

இவர் எழுந்து நின்றார். விட்டிருக்கலாம். தேறியாகிவிட்டது, யாரும் கேட்கப்போவதில்லை. நான் கண்ணால் ஜாடைகூடக் காட்டினேன்.

"கான்ட்ராக்டர் இல்ல மேடம். நான்தான். பத்தொன்பது வருஷமா அப்படியே இருந்துது. சூடா இருக்கேன்னு போட்டேன். தப்பு. எழுதிக்கோங்க."

மெமோ கொடுப்பார்களோ, பதவியை இறக்குவார்களோ என்று எனக்குள் ஓடியது. அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுவரைக்கும் இருபத்தி ரெண்டு சென்டர் பார்த்துட்டேன்," என்றார். "பாதிக்கு மேல இதே தப்புதான். எல்லா எடத்துலயும் பழைய கான்ட்ராக்டர்தான் பண்ணினார்னு சொன்னாங்க. அந்தத் தப்பைப் பண்ணின மனுஷனை இன்னிக்குத்தான் நேர்ல பார்க்கறேன்." எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தேறாத சென்டர் ஒன்பது இருக்கு. உங்க போன் நம்பரை அவங்களுக்குக் குடுக்கலாமா?"

இவர் என்னைத்தான் பார்த்தார். நான் தலையாட்டினேன். பெருமையில் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஊரறியச் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட அந்த மனிதரை நான் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி ஒட்டியிருக்கிறார்: '25. தொடாதே.' போன மாதம் இயக்குநர் வேர்க்கிறது என்று இருபத்திநாலு ஆக்கப் போய், வாங்கிக் கட்டிக்கொண்டாராம். பெயர் மட்டும் மாறவில்லை. டீக்கடைக்காரர் இரண்டு நாள் 'இருபத்தஞ்சு' என்று கூப்பிட்டுப் பார்த்தார், வாயில் நுழையவில்லை என்று விட்டுவிட்டார். ஒன்பது சென்டருக்கும் திரை, இந்தத் தடவை முறையாக டெண்டர் போட்டே, என் கடையில்தான் தயாராகிறது. ஐந்தாவதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. ஸ்வெட்டர் அதன் தூசி உறை ஆகிவிட்டது.

நேற்று மத்தியானம் கடைக்கு எனக்கும் தனக்கும் சாப்பாடு எடுத்து வந்தவர், அரைக்கைச் சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. எங்கேயோ தூரத்து சென்டர் ஆபரேட்டர். இவரைவிட ஒரு வயது மூத்தவராம். சத்தமாகப் பேசுகிற மனிதர், எங்களுக்கே கேட்டது.

"ரேக்குக்குப் பின்னாடி நின்னா அனல் அடிக்குதுங்க. ஓட்டை டைல் ரெண்டை எடுத்து இந்தப் பக்கம் போட்டுரட்டுமா?"

"கை வைக்காதீங்க!" என்று இவர் போட்ட கூச்சலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நானும் அப்படித்தான் போட்டேன். பத்தொன்பது வருஷம். உக்காருங்க, சொல்றேன்."

நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய சாப்பாடு ஆறிப்போனது. அதற்காக நேற்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.